பேருந்துக்கு மட்டும்

மேல்விஷாரம் தாண்டியதும் சாலை
நான்கிலிருந்து எட்டாகப் பெருத்து
எங்கள் சாவடிக்கு வரும்போது பதினான்காய்ப் பிரியும்.
சென்னைப் பக்கம் ஏழு, வேலூர்ப் பக்கம் ஏழு.
ஏழாவது நான்.

ஷிப்டுக்கு வந்து சேர்வதே ஒரு வித்தை.
விரைவுப் பேருந்து நடுச்சாலையில் இறக்கிவிடும்.
அறுபத்திரண்டு படி ஏறி
அறுபத்திரண்டு படி இறங்கவேண்டும்.
லிப்ட் இருக்கிறது. இருக்கிறது, அவ்வளவுதான்.
கூண்டில் உட்காரும்போது
முழங்கால் இரண்டும் எனக்கு முன்பே
டூட்டி முடித்திருக்கும்.

என் முதுகுக்குப் பின்னால் பேருந்துத் தடம்.
சிவப்புச் சாயம். ஆளுயர எழுத்து.
பதினொன்றுக்குக் கடைசி வண்டி போனால்
விடியற்காலை நாலரை வரை
அதில் போய்வருவது
தோல் ஷாப்பு வாடையும் ஒரு நாயும்.

நாய்க்குக் கட்டணம் இல்லை.
ராணுவத்துக்கு இல்லை. ஆம்புலன்சுக்கு இல்லை.
செய்யாறு, காஞ்சிபுரம், திருத்தணி,
எங்கிருந்து வந்தாலும் வேலூர் ஆஸ்பத்திரிக்குத்தான்.
சைரன் கேட்டதும் எதிர்ப்பக்கம் தில்ஷாத்
கட்டையைத் தூக்கிவிடுவாள்.
போகிறவை அவளுக்கு.
திரும்புகிறவை எனக்கு.
சிலது சத்தமில்லாமல் திரும்பும்.
பயிற்சி வகுப்பில் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

காணும் பொங்கல் கழிந்து
ஊரே சென்னைக்குத் திரும்பிய ஞாயிறு.
என் பக்கத்தில் மூன்று தடத்துக்குக் காங்கிரீட் காயவில்லை.
ராத்திரி ஒன்றே முக்காலுக்கு
வரிசை பெருமுகை வரை.
வண்டிகளுக்கு நடுவே ஒருவர் நடந்து வந்தார்.
கக்கத்தில் ஸ்கேன் படம் போட்ட பெரிய உறை.
மால்டாவாம்.
டோக்கன், பில், நாளைக்கு வாங்க:
ஐந்து மாதத்தில் அவர் படித்த தமிழ் இவ்வளவே.
தூரத்தில் ஒரு வெள்ளை ஆம்னியைக் காட்டினார்.
கைகளால் ஒரு பெட்டியின் நீளத்தைக் காட்டினார்.
பிறகு வானத்தைக் காட்டினார்.
நான் தப்பாகப் புரிந்துகொண்டு கைகூப்பினேன்.
அவர் கடிகாரத்தைத் தட்டி
மறுபடி வானத்தைக் காட்டினார்.
விமானம்.

மைக்கில் பொன்னுரங்கம் சாரைக் கேட்டேன்.
"சைரன் வண்டியா?"
"இல்லைங்க சார். முடிஞ்சுபோச்சு."
"முடிஞ்சதுக்கு அப்புறம் என்னம்மா அவசரம்?
வரிசையில வரச் சொல்லு."
கெட்டவர் இல்லை.
மகளுக்குக் காய்ச்சல் என்றதும் போன மாதம்
தன் பைக்கிலேயே என்னை வீட்டில் விட்டவர்.
அவர் தலைக்கு மேலும் ஒரு கேமரா.

பேருந்து பழுதானால் மட்டும் அழுத்தச் சொன்ன
பச்சைப் பொத்தான் என் கூண்டில் இருக்கிறது.
எழுந்து போய்
நிறுத்தத்தருகே இருந்த ஆரஞ்சுக் கூம்புகளை
ஒவ்வொன்றாக உருட்டித் தள்ளினேன்.
பின்னால் ஒரு கார்க்காரர்
"எங்களுக்கும் திறங்க மேடம்" என்றார்.
"உங்களுக்கு நேரம் வரல சார்"
என்று வாயில் வந்துவிட்டது. அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை.
அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

ஆம்னி சிவப்பில் ஏறி வந்தது.
நாய் எழுந்து ஓரமாய் நின்றது.
மால்டாக்காரர் நூறு ரூபாயை நீட்டி
"பில்" என்றார்.
வேண்டாம் என்றேன். பணத்தை வைத்துக்கொண்டார்,
கையை மட்டும் உள்ளே இழுக்கவில்லை.
"பில்."
ரசீது இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது என்று
இங்கேதான் கற்றிருக்கிறார்.
பொத்தானை அழுத்தினேன். எந்திரம் துப்பியது:
வகை: பேருந்து. தொகை: 0.00.
நான்காய் மடித்து
அந்த உறைக்குள், படங்களோடு வைத்தார்.

புதன்கிழமை மெமோ வந்தது.
இரண்டு நாள் சம்பளம் பிடித்தம்,
கூடவே நிரப்பித் தர ஒரு படிவம்.
வாகன எண் தெரியவில்லை என்று எழுதினேன்.
ஓட்டுநர் நீங்கலாகப் பயணிகள் எத்தனை பேர்?
ஒன்று என்று எழுதி
அடித்துவிட்டு
இரண்டு என்று எழுதினேன்.

இந்த வாரம் எனக்கு மூன்றாம் தடம்.
அங்கே எந்தப் பொத்தானும் இல்லை.